சட்டைக்குள் கொண்டுவந்த ஊசி

கொக்கி அண்ணன் பக்கத்தில் நின்றால் கோடையிலும் கொஞ்சம் குளிரும் என்று எங்கள் ஐஸ் கம்பெனியில் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் ஐஸ் இழுத்த உடம்பு. கையில் எப்போதும் அந்த இரும்புக் கொக்கி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தாலும் அதைத் தொடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். அவருடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் கம்பெனியில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது.

எனக்கு மெஷின் வேலை. அமோனியா ஓடுகிற மெஷின், முள் ஆடுகிற மீட்டர்கள், வால்வுகள் எல்லாம் என் பொறுப்பு. நீளத் தகர டப்பாக்களில் தண்ணீர் பிடித்து உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் மறுநாள் கட்டியாகிவிடும். டப்பாவைத் தூக்கி நல்ல தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால் ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அங்கேதான் அண்ணன் கொக்கியோடு நிற்பார். ஒரு குத்து, ஒரு இழுப்பு. ஆள் உயரத்துக்கு முக்கால் இருக்கிற பார் நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே ஸ்டோர் ரூமுக்குப் போகும். ஸ்டோர் ரூமை மைனஸ் பத்தில் வைத்திருப்பேன். விடிந்ததும் படகுக்காரர்களும் மீன் மார்க்கெட்காரர்களும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள்.

"தண்ணி மாதிரி விசுவாசமானது ஒலகத்துல இல்லடா" என்பார் அண்ணன். "கட்டியாக்கினா கட்டியாகும், உருக்கினா உருகும். மறுபடி பாத்தா அதே தண்ணி. ஒரு சொட்டு கொறையாது, ஒரு சொட்டு கூடாது. மனுசன் அப்படியா?"

அவருக்கு ஒரே மகள். பாப்பா என்போம். இருபத்தாறு வயதாகியும் பாப்பாதான். ஒன்பது வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை என்றார்கள். வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. ஆயுசுக்கும் ஊசி. அன்றைக்கு அண்ணன் அழவில்லை. "மருந்தைக் குளுமையில வெக்கணுமாம்டா. குளுமைதான் நம்ம கையில இருக்கே" என்றார்.

அப்போது அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தினமும் வேலை முடிந்து போகும்போது ஒரு துண்டு ஐஸைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் பெரிய வாய் ஃபிளாஸ்க்கில் போடுவார். அதற்கு மேலே ஒரு டம்ளர், டம்ளருக்குள் மருந்து. ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது. ஒரு நாள் காய்ச்சலோடு மழையில் நனைந்துகொண்டு ஐஸ் கொண்டுபோனார். ஒரு பாட்டில்கூடக் கெட்டதில்லை. பிறகு ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். ஃபிளாஸ்க் பரணுக்குப் போனது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அவர் செய்தது முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு வருஷம் ஐஸை வைத்து மகளைக் காப்பாற்றிய மனுஷன் அவர்.

பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கப்பலில் இன்ஜின் வேலை, தங்கமான பையன். முதல் இரண்டு கர்ப்பமும் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. அதற்குக் காரணம் அவள் கையில் ஒட்டியிருந்த அந்த வில்லைதான் என்று டாக்டரம்மாவே சொன்னார்களாம். நாணயம் அளவுக்கு வெள்ளையாக மேல் கையில் ஒட்டியிருக்கும். விரலில் குத்திப் பார்க்க வேண்டாம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்க்கரை எவ்வளவு என்று ஃபோனில் தானாக வரும். கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் ஒரு சத்தம். அவள் ஃபோனுக்கு மட்டுமில்லை, அம்மா ஃபோனுக்கும் வரும், கப்பலில் இருக்கிற மாப்பிள்ளைக்கும் சிக்னல் கிடைக்கும்போது போகும்.

ஏழாம் மாதம் பிறந்ததும் பாப்பா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். கம்பெனிக்குப் பின் தெருவில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு அறை வீடு. நான் போகும்போதெல்லாம் அண்ணி சமையற்கட்டிலிருந்து விலை கூவுவது மாதிரிக் கூவுவாள்.

"நூத்திப் பத்து!"

உள்ளே இருந்து பாப்பா, "தெரியும்மா, என் கையிலதான் ஒட்டியிருக்கு."

"தெரிஞ்சா என்ன? நல்ல நம்பரை ரெண்டு தடவ சொன்னா கொறஞ்சா போயிரும்?"

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "எங்க கல்யாணத்துல எனக்கு எத்தன மார்க்குடின்னு கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் சொல்லல. மகளுக்கு அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மார்க்கு."

"ஒனக்கு மார்க்குப் போட வில்ல இன்னும் கண்டுபுடிக்கல" என்பாள் அண்ணி.

பாப்பாவுக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. சர்க்கரையைப் பற்றி எங்கே என்ன ஆராய்ச்சி வந்தாலும் ஃபோனில் தேடிப் படித்துவிட்டு எங்களுக்குச் சொல்வாள். ஒரு சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்து வயிற்றின் மேல் ஃபோனை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சித்தப்பா, இன்சுலின் சுரக்கிற செல்லையே வெளியில வளத்து உடம்புக்குள்ள விட்டுப் பாத்திருக்காங்க. கொஞ்சப் பேருக்குத்தான். அதுல சில பேரு ஊசியையே விட்டுட்டாங்களாம்."

"நெசமாவாம்மா?"

"நெசமா. இன்னும் நெறைய பாக்கணுமாம். ஆனா வரும். வாரத்துக்கு ஒரே ஒரு ஊசி போடற மாதிரியும் ஒண்ணு வந்திருக்கு."

"வாரத்துக்கு ஒண்ணா?" என்றார் அண்ணன். "அப்ப மிச்சம் ஆறு நாளு உங்கம்மா யாரைத் திட்டுவா?"

பாப்பா சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவினாள். "ஒனக்கு இந்தச் சனியன் வராதுடி தங்கம். வந்தாலும் நீ எங்கள மாதிரி குத்திக் குத்திச் சாக வேண்டாம்" என்று வயிற்றிடம் சொன்னாள். பொம்பளைப் பிள்ளைதான் என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஃபிரிட்ஜ் நின்றது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, சாமான் வர இரண்டு வாரம் ஆகும் என்றான். ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்த ஊசிப் பேனாக்கள் பெட்டி பெட்டியாக உள்ளே இருந்தன. சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது ஒரு வகை, நாள் முழுக்க வேலை செய்வது ஒரு வகை. அண்ணன் பரணில் ஏறிப் பழைய ஃபிளாஸ்க்கை எடுத்துப் பார்த்தார். பேனா நீளம் அதற்குள் அடங்கவில்லை.

"கம்பெனியில வெச்சிடறேன்" என்றார்.

"ஆபீஸ் ரூம் ஃபிரிட்ஜ்லதானேப்பா?" என்று பாப்பா கேட்டாள்.

அண்ணன் அதற்குள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "எல்லாம் நல்ல எடமாத்தான் வெப்பேன். நீ கவலப்படாத."

பொய் சொல்லவில்லை. ஆபீஸ் ஃபிரிட்ஜ் நல்ல இடம் இல்லை என்பது அவருடைய எண்ணம். முதலாளியின் சோடா பாட்டில்களுக்காக ஆளாளுக்குத் திறந்து மூடுவார்கள். நேராக என்னிடம்தான் வந்தார்.

"ஸ்டோர் ரூம்ல கதவுக் காத்துப் படாத எடம் எதுடா?"

"அண்ணே, அங்க மைனஸ் பத்து ஓடுது. மருந்துக்கு அவ்வளவு வேணுமா?"

"மீனே அங்க ஒரு மாசம் நிக்குது, மருந்து நிக்காதா? கரண்ட் போனாலும் நம்ம ரூமு ரெண்டு நாளு தாங்கும். எந்த வீட்டு ஃபிரிட்ஜ் தாங்கும், சொல்லு."

எனக்கும் சரி என்றுதான் பட்டது. குளிர்ச்சியைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது? பின்சுவரில் குழாய் ஓடுகிற இடத்துக்கு மேலே ஒரு பலகை உண்டு. அறையிலேயே அதிகக் குளிர் அங்கேதான். நான்தான் காட்டினேன். நானே ஒரு சாக்கைத் துவைத்துக் காயவைத்து அதன் மேல் விரித்தேன்.

நாலு நாள் கழித்துப் பாப்பா கையிலிருந்த பேனாக்கள் தீர்ந்தன. அண்ணன் வேலை முடிந்து வகைக்கு ஒன்றாக இரண்டு பேனா எடுத்தார். கல் மாதிரி இருந்தன. பனியனுக்குள் விட்டு நெஞ்சோடு வைத்துச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது.

"ஜில்லுன்னு போட்டா பாப்பாவுக்கு எரியும்டா. வீடு போறதுக்குள்ள எளகிரும்" என்றார்.

நேராக வீட்டுக்குப் போகாமல், நன்றாக இளகட்டும் என்று மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனாராம். அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு பாப்பா, "வலிக்கவே இல்லப்பா" என்று சொன்னாளாம். மறுநாள் அதை நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் நூற்றெண்பது. மறுநாள் இருநூற்று நாற்பது. அண்ணி கூவுவதை நிறுத்திவிட்டாள்.

முதலில் வில்லையின் மேல்தான் பழி விழுந்தது. அந்த வாரம்தான் பழைய வில்லையைக் கழற்றிப் புதிது ஒட்டியிருந்தாள். "இது கோளாறு புடிச்சது" என்றாள் அண்ணி. பழைய கருவியைத் தேடி எடுத்து விரலில் குத்திப் பார்த்தார்கள். வில்லை சொன்னதையே அதுவும் சொன்னது. ஆஸ்பத்திரியில் சர்க்கரைப் பிரிவு நர்ஸம்மாவுக்கு ஃபோன் போட்டார்கள். மாதம் ஏற ஏற மருந்து கூடத்தான் தேவைப்படும், இத்தனை யூனிட் கூட்டுங்கள் என்று அவர் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வியும் கேட்டார்.

"ஊசியெல்லாம் ஃபிரிட்ஜ்லதானே இருக்கு?"

"ஃபிரிட்ஜை விட நல்ல எடத்துல இருக்கும்மா" என்றாள் அண்ணி. அந்தப் பக்கம் அவரைச் சுற்றிக் கூட்டம் இரையும் சத்தம். சரி என்று வைத்துவிட்டார்.

யூனிட்டைக் கூட்டினாள். நம்பரும் கூடியது. கோளாறு வில்லையில் இல்லை, மருந்திலும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"பாப்பா, என்னத்தயாச்சும் வாயில போட்டியா?"

"இல்லம்மா."

"மசக்கையில நாக்கு கேக்கும். எனக்கும் கேட்டுச்சு. சொல்லிட்டா ஒண்ணும் திட்ட மாட்டேன்."

"சாப்பிட்டாத்தானே சொல்றதுக்கு?"

படுக்கையை உதறும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் உறை விழுந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் தின்பதற்காக எப்போதோ வைத்தது, மூன்று வாரம் ஆகிவிட்டது என்று பாப்பா சொன்னாள். அண்ணி அந்த உறையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் போட்டாள். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"ரெண்டு போனது பத்தாதாம்மா?"

அதைத்தான் அவர் பிற்பாடு என்னிடம் பலமுறை சொன்னார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றார்.

கப்பலில் இருந்து மாப்பிள்ளையும் நம்பரைப் பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பியிருந்தான். "என்ன சாப்பிட்டே? எனக்காக வாயைக் கட்டு." மாடி வீட்டு டெய்லர் அக்கா, ஜாக்கெட்டைத் தளர்த்திக் கொடுக்க வந்தவள், "பசிக்கிற வயசு, ஆனா புள்ள முக்கியமில்லையா?" என்று ஒரு வார்த்தை விட்டுப் போனாள்.

பாப்பா சாப்பிடுவதை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மதியத்திலிருந்து வெறும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் மீன் கொடுக்கப் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"சித்தப்பா, நீங்க மெஷின் மீட்டர் பாக்கறவர்தானே? இதைப் பாருங்க." ஃபோனை நீட்டினாள். கோடு மலை மாதிரி ஏறிக்கொண்டே போனது. "நேத்து மத்தியானத்துலருந்து ஒரு பருக்க வாயில வெக்கல. அம்மா தட்டுல வெச்சத எல்லாம் பையில கட்டி வெச்சிருக்கேன். வேணும்னா எண்ணிப் பாருங்க. ஒண்ணுமே சாப்பிடாம எப்படி ஏறும்? நீங்களாச்சும் சொல்லுங்க."

ஃபோனை வாங்கிக் கோட்டைப் பார்த்தேன். மீட்டர் ஏறினால் எங்கேயோ குளிர்ச்சி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், குழாயைப் பார்க்க வேண்டும். என் தொழிலில் அது பாலபாடம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

அவள் வாயில் ஒரு வாசம் அடித்தது, பழுத்து அழுகின பழம் மாதிரி. சர்க்கரை முற்றினால் வருகிற வாசம் அது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அதை வைத்து அண்ணி மறுபடியும், "பழம் தின்னியா?" என்றாள். பாப்பா பதில் சொல்வதற்குள் வாந்தி எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியின் ஐஸ் வேனை எடுத்து வந்தேன். முன் சீட்டில் அண்ணி மடியில் படுக்கவைத்தோம். அண்ணன் பின்னால் ஈரச் சாக்குகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார்.

பாப்பாவைக் காப்பாற்றிவிட்டார்கள். இரண்டு கையிலும் ஊசி, மணிக்கு மணி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைத் தேடினார்கள். வேறு மெஷின் கொண்டுவந்து தேடினார்கள். பிறகு டாக்டரம்மா வெளியே வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடித்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் சர்க்கரைப் பிரிவு நர்ஸம்மா வந்தார். அண்ணி உள்ளே பாப்பாவோடு இருந்தாள். வராந்தாவில் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் கொண்டுவந்திருந்த பையிலிருந்து பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியதில் பொடிப் பொடியாக ஏதோ மிதந்தது.

"இது எங்க வெச்சிருந்தீங்க?"

அண்ணன் எழுந்து நின்று சொன்னார். இப்போதும் அந்தக் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "எங்க ஐஸ் கம்பெனி ஸ்டோர் ரூம்லம்மா. மைனஸ் பத்து. ஒரு நிமிசம் கொறையாது."

நர்ஸம்மா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உறைஞ்சுதா?"

"கல்லு மாதிரிம்மா. நான்தான் சட்டைக்குள்ள வெச்சு எளக்கி எடுத்துட்டுப் போவேன்."

"ஐயா, உறைஞ்சா இந்த மருந்து செத்துப் போயிரும். உருகினா சட்டுன்னு பாக்கறதுக்கு அதே மாதிரி இருக்கும், வெளிச்சத்துல புடிச்சாத்தான் பொடி தெரியும். உள்ள வீரியம் நாளுக்கு நாளு போயிரும். கடைசிக்கு அவ வெறும் தண்ணியத்தான் போட்டுக்கிட்டிருந்திருக்கா. இன்சுலின் இல்லேன்னா சாப்பிடாட்டியும் ஒடம்பே சர்க்கரைய ஊத்திக்கிட்டேதான் இருக்கும்."

"இல்லம்மா, ஆறு வருசம்..." அண்ணன் கையால் ஃபிளாஸ்க் அளவைக் காட்டினார். "ஆறு வருசம் ஐஸ் மேலதான் வெச்சேன். ஒண்ணும் ஆகல."

"அது உருகற ஐஸ். உருகற ஐஸு பூஜ்யத்துக்குக் கீழ போகாது, அதுக்கு மேல டம்ளர் வேற. மருந்து உறையாது. இது உருகாத ஐஸ்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃபோன்ல நான் கேட்டேன். இன்னொரு வார்த்த கேட்டிருக்கணும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பலகையைக் காட்டியவன் நான்தானே.

அவர் அண்ணியிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று நாங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த இடைவெளியில் ஊர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பிள்ளை வெளியே வந்தது. பெண்தான். மாப்பிள்ளை கப்பலை விட்டு இறங்கி வர சனிக்கிழமை ஆகும். "ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துக்கறேன் மாமா, அது வரைக்கும் வெச்சிருங்க" என்று ஃபோனில் அழுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைக்க வசதி இல்லை என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். இந்த ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும், தூரத்து ஆள் வர வேண்டுமென்றால், ஐஸ் கேட்டு அவரிடம்தான் வந்து நிற்பார்கள்.

கம்பெனிக்கு வந்தார். டப்பாவுக்குள் காற்றுக் குழாய் விட்டு உறைய வைத்தால் பார் கண்ணாடி மாதிரி வரும், இல்லையென்றால் நடுவே வெள்ளையாக நரம்பு ஓடும். ஸ்டோர் ரூமில் ஒவ்வொரு பாராகத் தடவிப் பார்த்து நரம்பில்லாத ஒன்றை எடுத்தார். அரைக்கிற மெஷினில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வெயிலில் சாக்கு விரித்து அதன் மேல் பாரை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, உருகுது."

"உருகட்டும்."

"வீணாப் போகுதுண்ணே."

"உருக ஆரம்பிச்ச ஐஸைத்தான் வெப்பேன்" என்றார். "அவளையும் உறைய வெக்க மாட்டேன்."

பார் வேர்த்து ஒழுக ஆரம்பித்த பிறகுதான் கொக்கியின் முனையால் சின்னச் சின்னதாகத் தட்டினார். ஒரு கூரான துண்டு கண்ணில் பட்டால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மழுக்கினார். வீட்டில் உள் அறையில் சின்ன மரப்பெட்டி, கீழே ஐஸ், அதன் மேல் நாலு மடிப்புத் துணி, அதற்கு மேல் பிள்ளை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் தண்ணீரை வடித்து ஐஸ் மாற்றினார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு தரமும் துணிக்கு அடியில் கையை விட்டுக் குளிர் ரொம்ப ஏறவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

அந்த அறைக்கு வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. "புள்ளைய விட நாக்குப் பெரிசாப் போச்சு" என்றாள் டெய்லர் அக்கா, அழுதுகொண்டேதான். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, "பாவி, வாயைக் கட்டலையே, கட்டியிருந்தா தங்கம் மாதிரி வந்திருக்குமே" என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோதும் அந்தப் பேச்சு முழுதாக நிற்கவில்லை. அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். கஞ்சி கொடுத்தால் இரண்டு கரண்டி. அண்ணியின் கண் ஒரு முறை ஃபோனுக்கும் ஒரு முறை கரண்டிக்கும் போய் வரும். பாப்பா கிண்ணத்தை நகர்த்திவிடுவாள்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தண்ணீர் வடித்தார்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளை வந்தான். தோளில் பையோடு நேராக உள் அறைக்குப் போனான். பெட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். வெளியே வந்து பாப்பாவின் பாயில் உட்கார்ந்தான். அவள் தலையைத் தொட்டான். திட்டுகிற குரலே இல்லை, கெஞ்சுகிற குரல்.

"என்னதான் சாப்பிட்ட? சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

பாப்பா கண்ணைத் திறக்கவில்லை.

அண்ணன் கையில் வாளியோடு வாசற்படியில் நின்றார். வாளியைக் கீழே வைத்தார்.

"அவ ஒண்ணும் சாப்பிடல" என்றார். "நான்தான். ஊசிய ஐஸ் ரூம்ல வெச்சேன். உறைஞ்சு செத்துப் போச்சு. எளக்கி எளக்கி நானே கொண்டாந்து குடுத்தேன். எட்டு நாளு எம் மகளுக்கு வெறும் தண்ணியக் குடுத்தேன் மாப்ள. நர்ஸம்மா திங்கக்கெழமையே சொல்லிட்டாங்க. நான் சொல்லல."

"எடம் காட்டினது நான்" என்றேன். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அண்ணி அவரை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பாதியில் நின்று, திரும்பி, பாயைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள் அறையில் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அம்மா, கேட்டியா?"

அண்ணி தலையாட்டினாள்.

"நான் எதுவும் சாப்பிடல."

"ஆமாம்மா" என்றாள் அண்ணி. "ஆமாம்மா, ஆமாம்மா."

"அந்தப் பிஸ்கட்டு மூணு வாரம் ஆச்சு."

"ஆமாம்மா."

பாப்பா மூச்சை இழுத்துவிட்டாள். வெறும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்குதும்மா. சோறு போடு."

அண்ணி தடுமாறி எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினாள். தட்டில் சோற்றைக் குவித்துக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுப் பேனா ஜன்னலில், அண்ணன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போனது. ஐஸில் வெந்து சிவந்த விரல்கள். பேனாவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. திரும்பி வந்துவிட்டது.

பாப்பா அதைப் பார்த்தாள். தானே எட்டிப் பேனாவை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருகி யூனிட் வைத்து, பிள்ளை இருந்த வயிற்றிலேயே ஒரு ஓரத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தட்டை இழுத்து வைத்துப் பெரிய பெரிய உருண்டையாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணில் வழிந்தது சோற்றில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை.

அண்ணியின் ஃபோனில் வெளிச்சம் வந்தது. பழக்க தோஷம், எடுத்துப் பார்த்தாள். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது. நூற்றுப் பன்னிரண்டு. அண்ணியின் உதடு அசைந்தது. கூவவில்லை. ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். ஐஸ் மாற்றுகிற நேரம் ஆகியிருந்தது.